கெட்டியாக இருந்தால்தான் நல்ல கிளவுஸ் என்று நினைத்தேன்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது மூன்று ஆண், ஒரு பெண். மூத்த மகனும் மருமகளும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவர்களுடைய மகளையும் நான்தான் வளர்க்கிறேன். அவளோடு சேர்த்து ஐந்து. ஐந்து பேருக்கும் சோறு போட்டது இலவம்பஞ்சு. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மெத்தை, தலையணை தைத்துக் கொடுக்கிறேன். இன்றைக்கும் விடவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதுகிறாள்.

நடந்தது போன வருடம், ஆடி மாதக் கடைசியில். பேத்தி அப்போது பிளஸ் ஒன். இரண்டு வருடமாகப் பாக்ஸிங் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. சொல்லிக் கொடுப்பது ஒரு பொம்பளைப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். மாநிலப் போட்டிக்கு ஒரு எடைக்கு ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். என் பேத்தியின் எடையில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். ஆவூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள், நல்ல கெட்டிக்காரி. சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஆடவிட்டு, யாரை அனுப்புவதென்று மேடம் முடிவு செய்வதாக ஏற்பாடு. அதற்கு ஸ்பாரிங் என்று பேர்.

கொட்டகையில் இருந்த பொது கிளவுஸ் எல்லாம் கிழிந்து நாறிப்போனதால், அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ரிங்குக்குள் விடமாட்டேன் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேத்திக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கடைக்கு நான் போகிறேன் என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"அப்பத்தா, இதக் கடைக்காரர்ட்ட காட்டுனாப் போதும். வேற ஒண்ணும் நீங்க பாக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடமாக உறைக்குள் பஞ்சு அடைக்கிறவளைப் பார்த்து, ஒன்றும் பார்க்க வேண்டாமாம்! கிளவுஸ் என்றால் என்ன, கைக்குப் போடுகிற தலையணைதானே? சீட்டை மணிபர்ஸுக்குள் வைத்தேன். கீழராஜவீதியில் விளையாட்டுச் சாமான் கடையில் ஏறினபோது அதை வெளியே எடுக்கவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. தலையணையைப் பெருவிரலால் அமுக்கினால் கல் மாதிரி நிற்க வேண்டும். விரல் உள்ளே போனால், தைத்தவன் பஞ்சைத் திருடிவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கணக்கோடுதான் கடையில் ஒவ்வொரு கிளவுஸாக அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாக எடுத்துப் போட்டார். பெரிதாக, புசுபுசுவென்று ஒரு ஜோடி காட்டினார். பெருவிரல் உள்ளே போனது. தள்ளிவிட்டேன்.

"ஆத்தா, ஆள் கூட ஆடுறதுக்குன்னா இதுதான் எடுப்பாங்க" என்றார்.

"யாருக்கிட்ட சொல்றீங்க? இதுல பாதிப் பஞ்சு ஒங்க கடையிலயே நின்னுபோச்சு" என்றேன், நாலு பேர் நிற்கும்போதே. பக்கத்தில் கிரிக்கெட் மட்டை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது.

சின்னதாக, சிவப்பாக, கெட்டியாக ஒன்று இருந்தது. பத்து என்று போட்டிருந்தது. வளையல் அளவு மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் வளையல் கையைப் பிடித்தாற்போல இருந்தால்தான் அழகு. பேத்தி கை சின்னக் கை, பத்து போதும் என்று நானே முடிவு கட்டி வாங்கிக்கொண்டு ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் பேத்தி பையைப் பிரித்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள். மேடம் கிளவுஸைக் கையில் வாங்கி அமுக்கினாள்.

"நல்ல சரக்குதாம்மா. அந்தா தொங்குற மணல் மூட்டையக் குத்திப் பழகுறதுக்கு இதுதான் வேணும். ஆனா ஸ்பாரிங்குக்கு இதப் போட விடமாட்டேன்."

"ஏன், கையி நோகும்ங்கிறியா? நோகாதுத்தா. நான் அமுக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்."

"ஒங்க பேத்தி கையி நோகாது. நீங்க கொஞ்சம் உள்ளங்கையக் காட்டுங்க."

நீட்டினேன். நான் வாங்கின சிவப்பு கிளவுஸைப் போட்டுக்கொண்டு லேசாக ஒரு தட்டு. லேசாகத்தான். உலக்கை நுனி பட்டதுபோல முழங்கை வரைக்கும் ஏறியது. அடுத்து மேடத்தின் சொந்த கிளவுஸ், பதினாலு என்று போட்டிருந்தது, பெரிய புசுபுசு. அதே தட்டு. யாரோ பிடித்துத் தள்ளினதுபோல இருந்ததே தவிர வலியில்லை.

"அந்த நம்பர் கை அளவு இல்லம்மா, எடை. எடை கூடுனா பஞ்சு கூடும். மூட்டைக்கு வலிக்காது, அதனால கெட்டியாப் போடலாம். இங்க எதிர்ல நிக்கிறது இன்னொரு வீட்டுப் புள்ள. அது மூக்கு, அது தாடை. ஸ்பாரிங் கிளவுஸுல பஞ்சு வைக்கிறது அதுக்காகத்தான்."

நான் கடையில் அத்தனை கிளவுஸை அமுக்கினேனே, ஒரு தடவையாவது அந்த ஆவூர்ப் பெண்ணின் முகம் என் நினைவுக்கு வந்ததா? வரவில்லை. என் பேத்தி ஜெயிக்க வேண்டும், கிளவுஸ் கெட்டியாக இருக்க வேண்டும், இதுதான் ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் கடை திறக்கும்போதே பேத்தியும் நானும் வாசலில் நின்றோம். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா, மாத்திக் குடுன்னு மட்டும் கேக்காதீங்க."

"மாத்த வேணாம். அது மூட்டை குத்த இருக்கட்டும். நேத்து நீங்க காட்டுனீங்களே, அது வேணும். நேத்து நாலு பேரு முன்னாடி சொல்லிப்புட்டேன், இன்னைக்கும் ஆளு இருக்கையிலயே சொல்றேன். நீங்க சொன்னதுதான் சரி, எனக்குத்தான் தெரியல."

அவர் சிரித்துவிட்டார். பெரிய கிளவுஸை எடுத்து வைத்தார். பேத்தி கையில் நீளப் பட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் போட்டுப் பார்த்தாள். துணி சுற்றாமல் வெறுங்கையில் அளவு பார்த்தால் அப்புறம் கை உள்ளேயே போகாதாம். கயிறு கட்டுகிற கிளவுஸ் என்றால் கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும், ஒட்டுப்பட்டை வைத்தது என்றால் தானே மாட்டிக்கொள்ளலாம் என்று ஒட்டுப்பட்டை வைத்ததை எடுத்தாள். நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? இடது கை கிளவுஸை வாங்கி மெதுவாகத் தடவினேன். விரல்முட்டி வருகிற இடத்தில் ஒரு பள்ளம். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. சரியாக அடைக்காத தலையணையில் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிப்போகுமே, அதே மாதிரி.

"இது ஆகாது" என்றேன்.

"ஐயோ, இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அப்பத்தா, பேசாம இருங்க" என்று பேத்தி இடுப்பில் இடித்தாள்.

"மெதுவா இருக்குன்னு சொல்லல தம்பி. இந்த எடத்துல மட்டும் ஒண்ணுமே இல்லங்கிறேன். ஒங்க விரல வச்சுப் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாக விரலை வைத்தார். நகர்த்தினார். மறுபடி வைத்தார். வலது கை கிளவுஸை எடுத்து அதையும் அமுக்கினார்.

"ஆமா ஆத்தா. முட்டி நேராப் போயி படும்போல இருக்கே!"

பேத்தியும் அமுக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை, அதற்கு நான் இன்னொரு மெத்தைக்கடையே வைக்கலாம். கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்ப ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து வேறு ஜோடி கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க ஆத்தா."

மூலை முடுக்கெல்லாம் தடவினேன். ஒரே சீராக இருந்தது. "இது சரி" என்றேன்.

சாயங்காலம் ஸ்பாரிங். கொட்டகை ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு ரவுண்டும் யார் கை மேலே என்று சொல்ல முடியவில்லை. ஆவூர்ப் பெண் வேகமாக நுழைந்து நுழைந்து வந்தாள். மூன்றாவது ரவுண்டில் அவள் கையை இறக்கின ஒரு நொடியில் என் பேத்தியின் வலது கை நேராகப் போய் அவள் தாடையில் இறங்கியது. தலை பின்னால் போனது. அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டினாள், பல்லுக்கு வைத்த கவசம் தெரியச் சிரித்தாள், மறுபடி முன்னால் வந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பேத்தி தயங்காமல் ஆடினாள். கடைசி மணி அடிக்கும்வரை அவள் கைதான் ஓங்கியிருந்தது.

மேடம் என் பேத்தியின் கையைத் தூக்கினாள். நான் எழுந்து நின்று விசில் அடித்தேன். ஆமாம், அடித்தேன். சின்ன வயதில் தெரிந்தது, மறக்கவில்லை.

ஆவூர்ப் பெண் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தாள்.

"அப்பத்தா, நல்லா மெத்தைக்குள்ள மொகத்த விட்டாப்புல இருந்துச்சு. ஆனா அடுத்த வருசம் நான்தான் போவேன், பாத்துக்கங்க."

"போவத்தா, போ. நானே வந்து விசிலடிக்கிறேன்" என்று அவள் தாடையைத் தடவிப் பார்த்தேன். ஒரு வீக்கம் இல்லை.

பேத்தி மாநிலப் போட்டிக்குப் போய் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறேன். ஆனால் என் மனதுக்குள் நான் காட்டிக்கொள்வது, வீங்காத அந்தத் தாடையைத்தான். நம் பிள்ளை ஜெயிக்க வேண்டுமென்று ஒரு பொருளை வாங்கும்போது, எதிரே நிற்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்; தெரிந்துகொண்டேனே, அதில் எனக்குப் பெருமைதான்.

எழுதிட்டியாத்தா? எங்க, இங்கிட்டு வந்து ஒக்காந்து, மொதல்ல இருந்து மெதுவா வாசி, கேப்போம்.