நான் போகாத மீட்டிங்

ஒரகடத்தில் எங்கள் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் இளம் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. சொந்தக் குழுவில் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொள்ள, வேறு குழுவிலிருந்து ஒருவர். போன வருஷம் எனக்கு ஒருத்தி வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டில் அவள்தான் முதல் முனைவர். சுங்குவார்சத்திரத்தில், ஃபேக்டரிக்குப் போகும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள்.

வழிகாட்டிகளுக்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் முந்தின வாரம்தான் ஏதோ கார் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு அதே பாடத்தை நடத்தியிருந்தார். திரையில் காட்டிய படங்களில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக்கூட மாற்றவில்லை. நமட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்: பதில் சொல்லாதே, கேள்வி கேள், முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீனில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அவள் குழு ஒன்றரை வருஷமாக வளர்த்து ஆராய்ந்த செல்களில் கண்ணுக்குத் தெரியாத கிருமி கலந்திருந்ததாம். மூன்று முறை சோதித்துவிட்டாள். அப்படியானால் அவ்வளவு நாள் வேலையும் வீண்.

"திங்கக்கிழமை மீட்டிங்ல சார்கிட்ட சொல்லணும்னு நினைக்கேன் மேடம். நீங்களும் கூட வாரீங்களா?"

"நான் வந்தா அது உன் முடிவா இருக்குமா? நீயே யோசிச்சுப் பாரேன்" என்றேன்.

சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துவிட்ட திருப்தி வேறு எனக்கு. அவள் குழுத் தலைவரான அந்தச் சார்தான் என் பதவி உயர்வைப் பார்க்கும் கமிட்டியிலும் இருந்தார். அது என் நினைவில் இல்லாமல் இல்லை. நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்கப் பயிற்சி நல்ல சாக்காக வாய்த்தது.

திங்கட்கிழமை தனியாகப் போனாள். மீட்டிங் அறைக்கு ஒரு சுவர் தள்ளித்தான் என் மேஜை. "உன் கை சுத்தமில்லைன்னா செல்லைக் குறை சொல்வியா?" என்று அவர் கத்தியது நன்றாகவே கேட்டது. நான் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வேலை ஒப்பந்தத்தை ஆய்வுக்கூடம் நீட்டிக்கவில்லை. சில மாதம் கழித்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் சோதித்து அவள் சொன்னதையே சொன்னார். அவருக்கு நன்றி சொல்லி, செல்கள் அத்தனையையும் கொட்டினார்கள்.

அதைச் சொல்லத்தான் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அறைத்தோழிகளோடு அவளும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யூனிஃபார்மில் நின்றாள். "திரும்ப வந்துடு. இந்தத் தடவை நானே பேசறேன்" என்றேன்.

"வேண்டாம் மேடம். அன்னைக்கும் உங்களைப் பேசச் சொல்லலையே. பக்கத்துல ஒரு சேர்ல சும்மா உக்காந்திருந்தா போதும்னுதான் கூப்பிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கம்பெனி பஸ் வந்தது. "வாரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டாள்.