கணுக்காலில் ஒரு கரிப்பொட்டு

என் இடது கணுக்காலின் வெளிப்புறத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருப்பு மச்சம் இருக்கிறது. இப்போது தோலோடு சேர்ந்து அதுவும் சுருங்கிவிட்டது. சின்ன வயதில் பளிச்சென்று தெரியும். என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். அழுக்கு என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறாள் என்று சொல்ல முடியாது. என் முழங்காலிலும் கழுத்திலும் இருந்த உண்மையான அழுக்கை அவள் அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததே இல்லை.

எட்டு வயது வரைக்கும் நான் அதைப் பற்றி யோசித்தது கிடையாது. யோசிக்க வைத்த புண்ணியம் மாமாவைச் சேரும்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. வாலாஜாபாத்தில் குடியிருந்தார். மாதம் ஒருமுறை பட்டுநூல் வாங்குவதற்காகக் காஞ்சிபுரம் வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. குழந்தைகளைச் சீண்டி அழவிட்டு, பிறகு பொரி உருண்டை கொடுத்துச் சமாதானம் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. உருண்டைக்காகவே முன்கூட்டி அழுத பிள்ளைகளும் எங்கள் தெருவில் உண்டு. நான் அழமாட்டேன். அதனால் என்மேல் அவருக்குத் தனி கவனம்.

ஒருநாள் அவருடைய செருப்பில் ஒன்றை நான் ஒளித்து வைத்துவிட்டேன். கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் என் காலைப் பிடித்து மச்சத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நீ ஒண்ணும் புதுசா பொறந்தவ இல்லம்மா. ஆத்தங்கரை இடுகாட்டுல படுத்துக்கினு இருந்தவ. உங்கம்மாவைப் பாக்காம இருக்க முடியாம எழுந்து வந்துட்ட. இதோ இருக்குது பாரு அடையாளம்."

பிறகு முழுக்கதையையும் சொன்னார். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். மூன்று வயதில், திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு ஊரில் பேதி பரவியபோது ஒரே பகலில் போய்விட்டதாம். தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பானையின் அடிக்கரியைத் தொட்டு வந்து, குழந்தையின் இடது கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தாளாம். மறுபடி பிறந்து வந்தால் அடையாளம் தெரியவேண்டும் அல்லவா, அதற்காக. எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பலரும் செய்வதுதான். அடுத்த வருஷமே நான் பிறந்தேன், கணுக்காலில் கரியோடு. வீடே திரண்டு வந்து என் காலைப் பார்த்ததாம். அவளுடைய பெயரையே எனக்கும் வைத்தார்கள். அவளுடைய தூளி, அவளுடைய கொலுசு, அவளுடைய பாவாடை எல்லாம் எனக்கு வந்தன. எனக்கென்று புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே எனக்கு மனக்குறை. பெயரும் பழசுதான் என்பது அன்றுதான் தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். செருப்பு இன்னும் கிடைக்காத ஆத்திரத்தில் மாமா இன்னொன்றும் சொன்னார்.

"அங்க இருக்கிறவங்க தெனம் ஆள் எண்ணுவாங்க. ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சா தேடிக்கினு வருவாங்க. உஷாரா இரு."

செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உருண்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை.

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. இருட்டில் வரும் பயம் என்றால் விளக்கேற்றினால் போய்விடும். இது பட்டப்பகலில் என்னோடு கூடவே நடந்தது. வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த இடுகாடு பெரியது. ஊரில் செத்தவர்களில் புதைக்கப்பட்டவர் அத்தனை பேரும் அங்கேதான். அவர்களில் சிலரை எனக்கே தெரியும். எங்கள் தெருக்கோடியில் இருந்த சாயக்காரர் முந்தின வருஷம் செத்துப் போனார். முழங்கை வரைக்கும் கை எப்போதும் சிவந்திருக்கும் மனிதர். கழுத்தில் லிங்கம் கட்டுகிறவர்கள் என்பதால் அவரை உட்காரவைத்தே தூக்கிக்கொண்டு போனார்கள். குழியிலும் உட்கார்ந்த மேனிக்குத்தான் இறக்குவார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தேன். ஆள் குறைகிறது என்று தெரிந்தால், வீட்டு அடையாளம் தெரிந்தவர் என்று அவரைத்தான் அனுப்புவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எங்கள் வீட்டுக்கு நூல் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். கதவு எந்தப் பக்கம், நான் எங்கே படுப்பேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அப்பா தறிக்குழியில் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்து நெய்வதைப் பார்த்தாலே அவரையும் புதைக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அவரை எழுந்து வெளியே வரச் சொல்லிக் காரணமில்லாமல் அழுதேன். பாவு நூல் அறுந்த எரிச்சலில் இருந்த அப்பா ஒரு அதட்டல் போட்டார். தறியில் கயிற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு கற்கள் தொங்கும். ஒன்று பழையது, கயிறு உரசி உரசி அதன் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். மற்றது புதிது, வேறு நிறம். ஏன் ஜோடி சேரவில்லை என்று நான் முன்பு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பயத்தில் கற்களைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட அம்மாதான் என்னைப் பயமுறுத்தினாள். வெயில் ஏறிவிட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்து நிற்பாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு உள்ளே வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். சித்திரை, வைகாசியில் இது தினமும் நடக்கும். முன்பெல்லாம் நான் இதைக் கவனித்ததே இல்லை. இப்போது எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. அவர்கள் வருகிறார்களா என்று பார்க்கிறாள். குளிப்பாட்டும்போது மச்சத்தை அழுத்துவது எதற்காக என்றும் புரிந்துவிட்டது. என்னைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டதா என்று சோதிக்கிறாள். எட்டு வயதில் எனக்குப் புரியாத விஷயமே இல்லை.

பதினைந்து நாள் பொறுத்தேன். சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் இருந்தவளைப் புதைத்த குழியைப் பார்த்துவிட்டால் போதும். மூடியிருந்தால் அவள் உள்ளே இருக்கிறாள், நான் வேறு ஆள், என்னை யாரும் தேட முடியாது. திறந்திருந்தால் மாமா சொன்னது உண்மை. திறந்திருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கத் தைரியம் இல்லை.

எங்கள் வீட்டில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. போய்வரும் ஆண்கள் வெளியிலேயே தலைமுழுகிவிட்டு, ஈரத்துணியோடு கொல்லை வழியாகத்தான் உள்ளே வருவார்கள். எந்த இடம், எப்படி இருந்தது என்று வாய் திறக்கமாட்டார்கள். சொன்னால் சாவு வார்த்தையோடு வீட்டுக்குள் வந்துவிடும் என்று நம்பிக்கை. பெண்கள் கேட்கவும் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு உச்சிவேளையில், நூல் காய்ந்துவிட்டதா என்று கேட்டுவரச் சொல்லி அம்மா என்னைச் சாயக்காரர் மகனின் ஆற்றங்கரைப் பட்டறைக்கு அனுப்பியபோது, கேட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரையோடு நடந்தேன்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் காலைச் சுட்டது. இடுகாட்டுக்கு வேலியோ வாசலோ கிடையாது. நடந்துகொண்டே இருந்தேன், திடீரென்று இரண்டு பக்கமும் மேடுகள். சிலவற்றின் தலைமாட்டில் செங்கல் மாடம், அதில் எண்ணெய் காய்ந்த அகல். லிங்கம் வைத்துக் கட்டிய சமாதிகள் ஒரு வரிசை. சாயக்காரர் அதில் எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் சாயக்காரராகவே நினைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடந்தேன். ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. என் கொலுசுச் சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வளையம் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தாலும் அது அவளுடைய கொலுசு என்று அப்போது நினைவு வந்தது.

"இன்னா பாப்பா, தனியா வந்துக்கினு இருக்கிற? யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

குழி வெட்டுகிறவருடைய மனைவி. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வரக்கூடாத இடத்தில் ஒரு பெண் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பெயரைச் சொல்லப் பயந்து அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"கல்லு வச்ச பாப்பா வூடா?" என்று கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். "அதோ அந்தப் பூவரசங்கீழ இருக்குது பாரு. உங்க மாமன் மாசாமாசம் வந்து சுத்தி முள்ளு போட்டுட்டுப் போவாரு. இத்தினி வருசம் ஆச்சே, இனிமே நரி எங்க வந்து தோண்டப் போவுதுன்னு கேட்டா, இன்னும் ரெண்டு முள்ளு சேத்துப் போடுவாரு."

அவள் காட்டிய இடத்துக்கு என்னால் வேகமாக நடக்க முடியவில்லை. பெரிய பூவரச மரம். அந்த வெயிலிலும் அதன் அடியில் மண் குளிர்ந்திருந்தது. மஞ்சள் பூக்கள் வாடிச் சிவந்து உதிர்ந்து கிடந்தன. நடுவில் கருவேல முள் சுற்றிப் போட்ட சின்ன மேடு, நான் படுத்தால் என் மார்பு வரைக்கும்தான் வரும். குழி மூடியிருந்தது. தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தது. கயிறு உரசி நடுவில் பள்ளம் விழுந்த கல். எங்கள் தறிக்கல்லின் ஜோடி. தொட்டுப் பார்த்தேன். பள்ளத்தில் என் விரல் சரியாகப் பொருந்தியது.

பயம் போய்விட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அந்தப் பெண் என் பின்னால் வந்து நின்று, அன்றைக்கு உன் அப்பா குழிக்குள் குனிந்து இந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார் என்று ஒரு பெயரைச் சொன்னாள். என் பெயர். அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

ஓடினேன். முள்ளில் மிதித்தேனா, மேட்டில் மிதித்தேனா, ஒன்றும் தெரியாது. தெருமுனைக் குளம் வந்தபோதுதான் நின்றேன். அப்போது புதிய பயம் பிடித்தது. தறியில் கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தீட்டோடு அதைக் கடந்துபோனால் என்ன ஆகுமோ. பாவாடையோடு குளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். சொட்டச் சொட்ட, கொல்லை வழியாக வீட்டுக்குள் போனேன். எல்லா முறையையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். இடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் மட்டும்தான் இப்படி வருவார்கள் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

அம்மா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், கையிலிருந்த கொலுசைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. நான் நொண்டுவதைப் பார்த்து என்னை உட்காரவைத்து, இடது காலை மடியில் வைத்துக்கொண்டு, ஊக்கினால் முள்ளைக் கிளற ஆரம்பித்தாள். அப்பா முன்கட்டில் நெய்துகொண்டிருந்தார். தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்காமல், அந்தச் சத்தத்துக்கு மேலே போகாத குரலில் கேட்டாள்.

"அங்க போயிருந்தியா, கண்ணு?"

"இல்லம்மா."

முள் வந்துவிட்டது. ஆனால் காலை விடவில்லை. கட்டைவிரல் மச்சத்தின்மேல் இருந்தது.

"அடிக்க மாட்டேன். மரம் ஏதாச்சும் இருக்குதா அங்க? நெழலு இருக்குதா?"

ஒப்புக்கொள்ள வைக்க வலை விரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கா தெரியாது?

"நான் போகவே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா கட்டைவிரலை எடுத்தாள். பிறகு சரி என்று சொன்னாள். மஞ்சளைக் குழைத்து உள்ளங்காலில் வைத்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை, அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவும் இல்லை. நானும் வளர்ந்தேன், கல்யாணம் ஆனது, அந்த நாளே மறந்துபோனது. அம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அவள் போன அடுத்த சித்திரையில், அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வெயிலைப் பார்த்தபோதுதான், அவள் யாருடைய வரவையும் பார்த்து நிற்கவில்லை என்று எனக்கு உறைத்தது. மூன்று வயதுக் குழந்தையை வெயிலில் விட்டுவிட்டு வந்த மாதிரிதான் அவள் அத்தனை வருஷமும் நின்றிருக்கிறாள். வீட்டு ஆண்களிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்டாள். பூவரச மரம் இருக்கிறது, மண் குளிர்ந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அன்று எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. அடி வாங்காமல் தப்பித்ததே பெரிதாக இருந்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன். மறுநாள் வெயில் ஏறியதும் அம்மா அரிசி களைவதைப் பாதியில் விட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றாள்.