கிராஸ் பட்டன் இடம் மாறிய வாரம்

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கொம்பியூட்டரை ஓன் பண்ணி ஒரு கடிதத்தைத் திறந்தேன். வாசித்து முடித்து, அதை மூடுவதற்காக மவுஸை வலது பக்க மேல் மூலைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒன்றுமே இல்லை. மூடுகிற கிராஸ் இல்லை, பெரிதாக்குகிற சதுரம் இல்லை, சின்னதாக்கிக் கீழே ஒளித்து வைக்கிற கோடும் இல்லை. வெறும் இடத்தை நாலைந்து தடவை கிளிக் பண்ணிவிட்டு, மவுஸ்தான் பழுதென்று நினைத்து அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். எந்தச் சாமான் வேலை செய்யாவிட்டாலும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதுதான் எங்கள் ஒபிஸில் முதலாவது தொழில்நுட்ப நடவடிக்கை.

கண்டி டவுனில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பிராந்திய ஒபிஸில் நான் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்ட். கடைசிக் காலத்தில் அந்தப் பதவிக்கு நாக்குச் சுளுக்கும்படி ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்தார்கள். வேலை மட்டும் அதேதான். கலஹா, பன்வில பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிற தமிழ்க் கடிதமெல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது இந்த மாதிரி வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு உதவுமே என்றுதான் அந்த ஒரு வாரத்தை எழுதுகிறேன். மற்ற இருபத்தாறு வருஷத்தில் எழுதும்படி அதிகம் இல்லை.

செந்தூரன் சொன்ன இரண்டு நாள்

கொம்பியூட்டர்களைப் பார்க்கிற செந்தூரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மெல்லிய குரல், கோபமே வராது. கோபமாக இருக்கிற ஒருத்திக்கு இதைவிட எரிச்சலூட்டுகிற குணம் வேறில்லை. அவனைக் கூப்பிட்டு வெறும் மூலையைக் காட்டினேன்.

"ஓம் அக்கா, ஞாயிற்றுக்கிழமை புது சிஸ்டம் போட்டனான். இதில பட்டன் மூண்டும் இடப்பக்கம்."

"ஏன் தம்பி, வலது பக்கம் இருந்தது யாருக்கு இடைஞ்சலா இருந்துச்சு?"

"தெரியேல்ல அக்கா. செய்தவை அப்பிடித்தான் செய்திருக்கினம்."

"திரும்ப வலது பக்கத்துக்கு மாத்த ஏலாதா?"

"ஏலும். ஆனா எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கோணும் எண்டு கொழும்பில சொல்லிட்டினம். ரெண்டு நாளில பழகிடும் அக்கா."

கொழும்பு என்றால் எங்கள் தலைமை ஒபிஸ். கொழும்பில் சொன்னால் சூரியன்கூட இடப்பக்கம்தான் உதிக்க வேண்டும்.

வலதிலிருந்து இடத்துக்கு மாறியது மட்டும் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டே பழகியிருப்பேன். வரிசையையும் மாற்றியிருந்தார்கள். முன்பு இடமிருந்து வலமாகப் பார்த்தால் கோடு, சதுரம், கிராஸ். இப்போது கிராஸ், கோடு, சதுரம். மூன்றில் முதலாவதை அமுக்கினால் கடிதம் சின்னதாகிக் கீழே போய்விடும் என்பது என் விரலுக்கு மனப்பாடம். அன்றைக்குப் பதினொரு மணிக்கு, தீபாவளி லீவு பற்றிய இரண்டு பக்கச் சுற்றறிக்கையை அடித்து முடித்து முதலாவதை அமுக்கினேன். "சேமிக்கவா?" என்று சிஸ்டம் கேட்டது. அந்தக் கேள்வியிலும் முதலாவது பட்டன்தான் முன்பெல்லாம் "ஆம்". அதையே அமுக்கினேன். அது இப்போது "சேமிக்காமல் மூடு" ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் போயே போய்விட்டது.

அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பொம்பிளை ஒரு கிராஸ் பட்டனுக்காக வொஷ்ரூமில் நின்று மூக்கைச் சிந்தினாள். பிறகு வந்து சுற்றறிக்கையை முதலிலிருந்து அடித்தாள்.

அதற்குப் பிறகு என் விரலுக்கு நானே ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன். கிராஸ் ஆபத்தானது, அதற்கு ஆகத் தூரத்தில் இருக்கிற பட்டனை அமுக்கு. பழைய சிஸ்டத்தில் கிராஸுக்கு ஆகத் தூரத்தில் இருந்தது சின்னதாக்குகிற கோடு. புதியதில் அங்கே இருந்தது பெரிதாக்குகிற சதுரம். இது எனக்கு உறைக்கவில்லை. செவ்வாயும் புதனும் அப்படித் தப்பாக அமுக்கி, பெரிதானதைத் திரும்பச் சின்னதாக்கிக்கொண்டு காலம் தள்ளினேன். புத்தி சரியாகச் சொன்னாலும் அவசரத்தில் விரல் தன் பாட்டுக்குப் போனது.

ஒளித்து வைக்கும் வேலை

சின்னதாக்குகிற கோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்கலாம். வாசலைத் தாண்டினால் முதல் மேசை என்னுடையது. வருகிறவர்கள் என் தோளருகில் வந்து நின்றுதான் பேசுவார்கள். தோட்டத்திலிருந்து வருகிற பாதிப் பேர், நான் அடித்துக்கொண்டிருக்கிற கடிதங்களில் இருக்கிறவர்கள். இடமாற்றம், எச்சரிக்கை, வேலை நிறுத்தம் எல்லாம் என் திரையில் இருக்கும். ஆள் என் பக்கத்தில் நிற்பார்.

சேர்ந்த முதல் நாள் அப்போதைய மனேஜர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லித் தந்தார். "கடிதம் தபால்ல போற வரைக்கும் அது கம்பெனிட சொத்து. யாருக்குக் கடிதமோ, அவருக்கும் காட்டப்படாது." அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். யாராவது படியேறுகிற சத்தம் கேட்டாலே விரல் கோட்டை அமுக்கும், முகம் சிரிக்கும், வாய் "வாங்க, உட்காருங்க" என்று கதிரையைக் காட்டும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். இத்தனை வருஷத்தில் என் மேசையிலிருந்து ஒரு வரி கசிந்ததில்லை என்று ஒபிஸில் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இன்னொரு திறமையும் இருந்தது. கடிதத்தை வாசிக்காமலே அடிப்பேன். கண் எழுத்தைப் பார்க்கும், கை அடிக்கும், மனம் வீட்டில் ஊறப்போட்ட உளுந்தைப் பற்றி யோசிக்கும். ஒரு பிழை வராது. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலை மனேஜர் ஹனீபா சேர் ஒரு டிராப்ட் தந்தார். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில், தற்காலிகமாக வேலை செய்கிற ஒரு பெண்ணை நிறுத்துகிற கடிதம். அறிவிக்காமல் இரண்டு நாள் குழந்தைகளை விட்டுப் போனாராம். தோட்டத்தை நடத்துகிற துரையின் முறைப்பாடு. தற்காலிகம் என்பதால் விசாரணை தேவையில்லை. வழக்கம்போல உளுந்தை நினைத்துக்கொண்டு அடித்தேன்.

கடைசி வரிக்கு வந்தபோது பக்கத்தில் யாரோ நின்றார்கள். கையில் ஒரு கவர், முப்பது வயதிருக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில்.

"மிஸ், நான் சரஸ்வதி. பிள்ளைக் காம்பராவுல இருந்து வர்றேன். ட்ரெய்னிங் சேட்டிபிகட் போட்டோகொப்பி குடுக்கச் சொன்னாங்க."

முகம் சிரித்தது, வாய் "வாங்க, உட்காருங்க" என்றது, விரல் கிராஸுக்கு ஆகத் தூரத்துப் பட்டனை அமுக்கியது. கடிதம் திரை முழுவதும் விரிந்தது. எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாயின. "சரஸ்வதி" என்ற பெயர் தடித்த எழுத்தில் தலைப்பில் நின்றது.

பதறிப்போய், கதிரையைக் காட்டத் தூக்கிய கையால் இன்னொரு தடவை அமுக்க மவுஸைத் தேடினேன். அது கவருக்குக் கீழே மாட்டியிருந்தது. அவள் கவரை அங்கேதான் வைத்திருந்தாள். அதற்குள் அவள் வாசித்துவிட்டாள். ஒரு விரலை நீட்டி திரையில் இருந்த திகதிகளைத் தொட்டாள்.

"மிஸ், இந்த ரெண்டு நாளும் நான் ஒங்க ஒபிஸ் நடத்துன ட்ரெய்னிங்லதானே இருந்தேன். நீங்கதானே கடிதம் போட்டுக் கூப்பிட்டீங்க."

கவரைத் திறந்தாள். சேட்டிபிகட்டில் அதே இரண்டு திகதி.

என் பீரோவில் கடிதக் கொப்பிகளைக் கட்டி வைக்கிற கோவையை எடுத்துப் பார்த்தேன். பயிற்சிக்கு வரச் சொல்லி அவளுக்குப் போன கடிதத்தின் கொப்பி இருந்தது. அடியில் டைப் பண்ணியவரின் முதலெழுத்து, என்னுடையது. அதையும் நான்தான் அடித்திருக்கிறேன், இதையும் நான்தான் அடித்திருக்கிறேன். நடுவில் ஒரு மாதம்கூட இல்லை.

"செக்ரோல்ல பேர் போட்டிருக்க மாட்டாங்க மிஸ்," என்றாள் சரஸ்வதி. செக்ரோல் என்பது தோட்டத்து வரவுப் பதிவு. "அதுல பேர் இல்லன்னா வேலைக்கு வரலைன்னுதான் அர்த்தம். எனக்கு இந்த வேலை இல்லன்னா மலையில கொழுந்தெடுக்கத்தான் போகணும். ஒடம்புக்கு ஏலாது. போன வருஷம்தான் ஒப்பரேஷன் பண்ணுனது."

அவளைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, கோவையையும் டிராப்டையும் எடுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். கதவு வரைக்கும் போகிற ஏழெட்டு அடியில் ஒரு நல்ல பொய் தயாரானது. டைப் பண்ணும்போது திகதியைக் கவனித்தேன் என்று சொல்லலாம். சேர் பாராட்டுவார், என் பெயரும் கெடாது. இரகசியக் கடிதத்தை உரிய ஆளே வாசித்துவிட்டாள் என்று சொன்னால் இத்தனை வருஷப் பெயர் அன்றோடு சரி.

"செல்லுங்க மல்லிகா," என்றார் சேர். அவர் பேச்சில் 'சொல்' எப்போதும் 'செல்'தான்.

பொய்யைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் அடுத்துக் கேட்கப்போகிற கேள்வி எனக்கே கேட்டது: கவனித்தவர் ஏன் கடைசி வரி வரைக்கும் அடித்தீர்கள்? அதனால் உண்மையைச் சொன்னேன். இதைப் பெரிய நேர்மை என்று நினைக்க வேண்டாம். பொய்யின் நீளம் போதவில்லை, அவ்வளவுதான்.

சேர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பயிற்சிக் கடிதத்தில் அவருடைய கையெழுத்து. டிராப்டிலும் அவருடைய கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் வாசிக்கல்ல போல," என்றார் மெதுவாக.

டிராப்டைக் கிழித்தார். துரைக்குப் போன் பண்ணி, செக்ரோலில் அந்த இரண்டு நாளையும் பதியச் சொன்னார். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. போனை வைத்த பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி இப்பிடி நடக்கப்படா மல்லிகா. செந்தூரனுக்கு செல்லி ஒங்கட மேசைய செவர்ப் பக்கம் திருப்புங்க. வார ஆக்களுக்கு ஸ்கிரீன் தெரியப்படா."

எங்கள் கம்பெனி அந்தச் சம்பவத்திலிருந்து கற்ற பாடம் அதுதான். பின்னேரம் மூன்று மணிக்குள் மேசை திரும்பிவிட்டது. கொழும்பிலிருந்து பாராட்டிக் கடிதம் வராதது ஒன்றுதான் குறை.

சரஸ்வதி கேட்டது

சேரின் அறையிலிருந்து வெளியே வந்ததுமே சரஸ்வதியிடம் சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா. கடிதம் வராது. நீ நாளைக்கு வழமை மாதிரி வேலைக்குப் போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"மிஸ், பஸ்ஸுல நெரிபட ஏலாதுன்னு இத தபால்ல அனுப்பத்தான் இருந்தேன். அனுப்பியிருந்தா?"

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடிக்கிற கடிதத்தை வாசியுங்கள். அது யாரைப் பற்றியது என்று பாருங்கள், அவரைப் பற்றிக் கோவையில் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் வேலை அதுவல்ல என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நான் நம்பினேன்.

அன்றைக்குச் சரஸ்வதி படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு முன்னால் என் தோளருகில் வந்து நின்றவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் எத்தனை பேருடைய கடிதத்தில் இப்படி ஒரு பிழை இருந்ததோ, எனக்குத் தெரியாது. நானும் வாசிக்கவில்லை, அவர்களையும் வாசிக்க விடவில்லை.