நான் அறுத்த கேபிள்

அந்த மாதம் எங்கள் வீட்டு டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்த நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உலகக் கால்பந்துப் போட்டி நடத்தப்போகிற நாடு. மைதானம் கட்டப் போனவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்து சாகிறார்கள், ஆடுமாடுபோல ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், இப்படிப்பட்ட ஊரில் போட்டி வைக்கலாமா என்று கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நடுவில் ஒரு படம் வரும். விமான நிலையத்தில் நீளமான மரப்பெட்டி ஒன்றை இறக்குகிற படம். ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. என் மனைவிக்கு ஒவ்வொரு தடவையும் அது வேறு பெட்டி.

எங்கள் மகன் அங்கேதான் இருந்தான். ஒரே பிள்ளை. மைதானத்தில் இரும்புச் சாரம் கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்று மத்தியானம் தவறாமல் போன் வரும். அவளிடம் ஆட்டுக்குட்டி முதல் அடுத்த தெருக் கல்யாணம் வரை விசாரிப்பான். பிறகு போன் என் கைக்கு வரும். "என்னப்பா" என்பான். நான் "ம்" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நான் வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். மில்லுக்கு எதிரே டீக்கடையில் அப்போது இதே பேச்சுதான்.

"என்ன மச்சான், ஒம்ம மவன் இருக்க ஊர டிவில கிழிகிழின்னு கிழிக்கான்?"

"நாளைக்கு மைதானம் சரிஞ்சா இவரு மவனத்தாம்லே பிடிப்பாங்க. சாரம் கட்டுனது அவந்தான!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு பயந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் டிவி முன்னால் இருப்பாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தை என்னை வாசிக்கச் சொல்வாள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது ஓடிப்போய் அடுத்தது வந்துவிடும்.

"பேரு போடுதானா?"

"இல்லட்டி."

"முழுசா வாசிச்சியளா?"

நான் முழுசாக வாசித்திருக்க மாட்டேன். "வாசிச்சேன்" என்பேன். அவள் நம்பாமல் மறுபடி அந்தப் பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு இறங்காமல் கன்னம் ஒட்டிவிட்டது. இப்படியே போனால் பிள்ளை வருவதற்குள் இவள் போய்விடுவாள் என்று தோன்றியது. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மாடிக்கு ஏறினேன். மில்லில் நூல் அறுக்கிற கத்தி பையில் இருந்தது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளை அறுத்துவிட்டு இறங்கினேன். "கேபிள் பழுதாம், சரியாக நாளாகும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் தெருவுக்குள் திரும்பியபோது எங்கள் வாசலில் செருப்புகள் கிடந்தன. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். தகவல் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஊருக்கே தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவள் சுவரோரம் தலை அவிழ்ந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டையைப் பிடித்தாள்.

"எப்பத்துல இருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"என்னது? யாரு சொன்னா? எப்படிப் போனானாம்?"

"எங்கிட்டயா கேக்கிய? நீங்கதான மறைச்சு வச்சிய!"

எதிர் வீட்டு மதினிதான் எங்களைப் பிரித்துவிட்டார். "தம்பி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டா எப்படி? பிள்ளைக்கு என்னாச்சுன்னு நீதான சொல்லணும்?"

"எனக்கு என்ன தெரியும் மதினி? வாசல்ல செருப்பப் பாத்துட்டு நானே செத்துட்டேன்."

அப்புறம்தான் விளங்கியது. மத்தியானம் அவள் கேபிள்காரனை வரச் சொல்லியிருக்கிறாள். அவன் மாடியில் பார்த்துவிட்டு, "பழுது இல்லக்கா, யாரோ கத்திய வச்சு அறுத்துருக்காங்க" என்று சொல்லி, அறுந்த இடத்தை டேப் சுற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் டிவி போட மாட்டார்கள். மாடிக்கு ஏறுகிறவன் நான் ஒருவன்தான். தகவல் தெரிந்துதான் இந்த மனுஷன் டிவியை நிறுத்தியிருக்கிறான், சொல்லத் தைரியம் இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் அலறிய சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

"அந்தப் பெட்டிய நீ பாக்கக் கூடாதுன்னுதான் அறுத்தேன்" என்றேன்.

"கூறுகெட்ட மனுசா, வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? வயரு என்னலே பாவம் பண்ணுச்சு?" என்றார் மதினி. யாரும் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. போன் இன்னும் வரவில்லையே. துக்கம் கேட்டதாகவும் ஆகாமல், கேட்காததாகவும் ஆகாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் இருவரும் ராஜபாளையம் போனோம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விமான டிக்கெட் போடுகிற பாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய மச்சான் அந்த நாட்டில் மளிகைக் கடையில் இருந்தார். பாய் அவரிடம் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"டிவிக்காரங்க பசங்க தங்குற கேம்புக்குள்ள போயிப் படம் எடுத்துட்டாங்களாம்ணே. கம்பெனிக்காரன் கோவத்துல அவங்க போனையெல்லாம் வாங்கி வச்சுட்டானாம். மச்சான் கேம்புக்குப் போயிப் பாக்கேன்னுருக்கார். பதறாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பாயின் மச்சான் கேம்பு வேலிக்குள் கையை விட்டுத் தன் போனை எங்கள் மகனிடம் கொடுத்திருக்கிறார். "அம்மா" என்ற குரலைக் கேட்டதும் அவள் போனை என் மடியில் போட்டுவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னப்பா" என்றான்.

"ம்" வரவில்லை. "திங்கியாலே?" என்றேன்.

"திங்கேன்பா."

"டிவில சொல்லுததெல்லாம் நெசமா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு மேக்கட்டில்ல ஒரு நேபாளத்துப் பையன் படுத்திருந்தான். காலைல எந்திரிக்கல. அம்மாட்ட சொல்லிராதிய."

"வந்துருலே."

"பாஸ்போர்ட்டு கம்பெனிட்ட இருக்குப்பா. போட்டி முடிஞ்ச பொறவு தாரேங்கான். டிவிக்காரங்க திட்டட்டும்பா, நல்லதுதான். அவங்க கேக்கப் போயித்தான் மத்தியானம் செத்த நேரம் நெழல்ல விடுதான். அவங்களும் நிப்பாட்டிட்டா எங்கள யாரு கேப்பா?"

போன் நின்றுவிட்டது. நேபாளத்துப் பையனை விட்டுவிட்டு, மற்றதை அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் வேறு விதமாக டிவி பார்த்தாள். திட்டுகிறார்களா என்று பார்த்தாள். திட்டினால் எழுந்து போய் உலை வைப்பாள்.

போட்டி தொடங்கிய அன்று ராத்திரி எட்டு மணி வாக்கில் மலைப் பக்கமிருந்து காற்றும் மழையும் வந்தன. டேப் சுற்றிய இடம் ஆட்டம் கண்டு படம் நின்று நின்று வந்தது. கையால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாடியில் நின்று பிடித்தேன்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"நம்ம பிள்ளைகளப் பத்திப் பேசுதானா?"

"இல்ல. வாணம் விடுதாங்க."

"வேற மாத்து."

மாற்றினாள். "இதுலயும் வாணந்தான். எம்புட்டு அழகா இருக்கு ஊருன்னு சொல்லுதான்."

"நியூசுல பாரு."

கீழே சேனல் மாறுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றிலும் கைதட்டல். மழை முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"ஒருத்தனும் திட்டலியே" என்று அழுதாள். "கைய எடுத்துராதிய. இன்னும் மாத்திப் பாக்கேன்."

நான் கையை எடுக்கவில்லை.