உள்ளி மணத்த வெளி

அந்த வெளியில் வேலை செய்த காலத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியில் உள்ளி இருக்கக்கூடாது. முதல் நாள் மதியம் நான் பெட்டியைத் திறந்ததும் உள்ளிப்பூண்டு தட்டிப் போட்ட பருப்புக்கறி மணத்தது. நான் அண்ணை என்று கூப்பிட்ட எங்கள் பொறுப்பாளர் வந்து பெட்டியை வாங்கி மூடி, தன் காருக்குள் வைத்துவிட்டு வந்தார். "கோவிக்காத புள்ள. இந்த மண்ணுக்குள்ள கிடக்கிற சாமானும் உள்ளி மாதிரித்தான் மணக்கும். ரெண்டும் கலந்தா எது எதெண்டு நமக்கு விளங்காது" என்றார்.

ரெக்ஸ்டேலுக்கும் வடக்கே, ரொறொன்ரோ நகரம் முடிகிற இடத்தில், முன்பு பட்டாளம் பயிற்சிக்கு வைத்திருந்த நிலம் அது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய கடுகு வாயுக் குண்டுகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தோலில் பட்டால் கொப்புளமாக எழும்பும் நஞ்சு. எண்பதுகளின் நடுவில் அங்கே வீடுகள் கட்ட வந்தார்கள். குண்டுகளைத் தேடி எடுத்து நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை மிசிசாகாவில் இருந்த எங்கள் சிறிய கம்பனிக்குக் கிடைத்தது. நான் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இரசாயனம் படித்திருந்ததால் மண் மாதிரிகளை எடுத்துப் போத்தலில் அடைக்கும் வேலை தந்தார்கள். என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. அண்ணை மட்டக்களப்புக்காரர், எனக்கு வெகுகாலம் முன்பே வந்து குடியேறிய பொறியியலாளர். அந்த நிலத்துக்கு அவர்தான் பொறுப்பு.

அவருக்குக் குண்டுகளைவிட அவற்றைப் புதைத்த ஆட்கள்மேல்தான் ஆர்வம். மேட்டில் நின்றுகொண்டு, "நீ அந்தப் பட்டாளக்காரனா இருந்தா எங்க குழி வெட்டித் தாப்பாய்?" என்று கேட்பார். லொறி போகக்கூடிய இடம், மண் இளகிய இடம் என்று நான் யோசித்து யோசித்துச் சொல்வேன். "குளிர்ல நிண்டவன் வேற யோசிச்சிருப்பான். வேலை எங்க கெதியா முடியும்? அங்கதான் தாட்டிருப்பான்" என்பார். இரும்பைக் காட்டும் கருவி பலமுறை அவர் கைகாட்டிய இடத்திலேயே கத்தியது. அந்த முகம் தெரியாத இளைஞர்களை நானும் மெல்ல மெல்ல அறியத் தொடங்கினேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு பகல். சுத்தம் என்று அண்ணை ஏற்கெனவே முடிவு செய்திருந்த ஒரு மூலையை, முகமூடி இல்லாமல் இயந்திரத்தால் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று உள்ளி மணம். இயந்திரம் ஓட்டியவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் சாப்பாடுதான் என்று என்னைக் காட்டிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். வீடு கட்ட வந்திருந்த மேசன் வேலைக்காரர்களின் தலைவன், நிறுத்தாதே என்று அவனுக்குக் கைகாட்டினான்.

அண்ணை சிரிக்கவில்லை. "புள்ள, இண்டைக்கு உள்ளி கொண்டு வந்தனியா?"

"இல்லை அண்ணை."

அந்த மாதம்தான் குடிவரவு விசாரணையில் ஒரே கேள்வியை என்னிடம் மாற்றி மாற்றிக் கேட்டிருந்தார்கள். அண்ணை ஒருமுறைதான் கேட்டார். உடனே திரும்பி, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லோரையும் காற்று வரும் பக்கமாக ஓடவைத்தார்.

முகமூடியும் இறப்பர் உடுப்புமாகப் போனவர்கள், இயந்திரத்தின் பல்லுக்கு ஒரு சாண் தள்ளி, துருப்பிடித்த குண்டொன்று எண்ணெய் போலக் கசிந்து கிடந்ததைக் கண்டார்கள். ஓட்டியவன் புல்லில் குந்தியிருந்து தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எனக்கொரு கோப்பி வாங்கி வந்து வைத்தான்.

"சுத்தமெண்டு சொன்னது நான்தான். முதல்ல இருந்து துவங்குவம்" என்றார் அண்ணை. வீடு கட்ட நின்றவர்கள் தாமதமாகும் என்று கோபத்தில் குதித்தார்கள். அவர் அசையவில்லை. பனி வந்து, உருகி, மறு கோடையும் முடியும்வரை முழு நிலத்தையும் திரும்பத் துழாவினோம். இன்னும் சில குண்டுகள் அகப்பட்டன. பிறகு எதுவும் அகப்படவில்லை.

வீடுகள் எழும்பியபோது வாங்க ஆட்கள் தயங்கினார்கள். முதல் வரிசையில் ஒன்றை அண்ணை வாங்கினார். அவருடைய மனைவி அதற்காக அவருடன் பல நாள் கதைக்கவில்லையாம். எண்பதுகள் முடிகிற நேரம் ஒரு கோடையில் நான் அங்கே போனேன். பின்வளவில் தக்காளி காய்த்துக் கிடந்தது. பழுத்த ஒன்றைப் பறித்து, சட்டையில் துடைத்து நீட்டினார்.

"பயமெண்டா வேணாம் புள்ள. வந்த ஒருத்தரும் இன்னும் தின்னேல்ல."

அந்த மண்ணை எத்தனையோ போத்தல்களில் அடைத்தவள் நான். என்றாலும் ஒரு கணம் தயங்கினேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை; நான் என்ன செய்யப்போகிறேன் என்று அறியும் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடித்தேன். வெயில் பட்டு நின்ற பழம், உள்ளே இன்னும் சூடாக இருந்தது.