கொக்கி வளைவில் ஒரு புள்ளி

புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை அந்த வீட்டில் மேப்பக்காவினுடையது. அளவுகோல் இல்லாமல் கத்தரியை ஓட்டினாலும் பிரவுன் ஷீட் நூல் பிடித்தாற்போல நேராக வரும். கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, போட்டது ஒரு பக்கம், போட வேண்டியது ஒரு பக்கம் என்று கடை பரப்பியிருந்தாள். எதிரே அண்ணன் மகள். லேபிளில் பெயர் எழுதுவது அவள் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். பதினோரு வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். உள்ளே அண்ணி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

ரேடியோ அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். உலகப் புவியியலும் பழைய நாகரிகங்களும். மேல் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் வாங்கிய பழைய பிரதி.

"அத்தை, இது உங்க ஆபீஸ் புஸ்தகம்தானே? உங்க பேர எங்கயும் காணோம்."

"மேப் போடுறவ பேர எங்க போடுவாங்க, நடுக்கடல்லயா? லேபிள எழுது."

"பெரிய ஆறுங்க பக்கத்துலதான் முதல்ல ஊருங்க வந்துச்சாம். வெள்ளம் வந்தா வண்டல் மண்ணு படியும், வண்டல் படிஞ்சா பயிர் நல்லா வருமாம்." படம் இருந்த பக்கத்தைப் புரட்டி விரலால் ஊர்ந்துகொண்டே போனாள். "டைக்ரிஸ், யூப்ரடீஸ். நினிவே, பாபிலோன், உருக், ஊர். இந்த ஊருக்குப் பேர் வைக்க யோசன வராம ஊர்னே வச்சிட்டாங்க போல." விரல் நின்றது. "இதுக்கு அதுகூட இல்ல. அத்தை, இந்தப் புள்ளிக்கு ஏன் பேரே போடல?"

கத்தரி பாதித் தாளில் நின்றுவிட்டது.

"ஈ உட்கார்ந்திருக்கும்" என்றாள் மேப்பக்கா.

அது அவள் சொந்தப் பேச்சு இல்லை. காலையில் அலுவலகத்தில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது.

இருபத்து மூன்று வருடமாகப் பாடநூல் வெளியிடும் இடத்தில் அவளுக்கு மேப் வரையும் வேலை. மாடிப்படி ஏறியதும் மூன்று அறை. முதல் அறையில் பாடம் எழுதுவார்கள், கடைசி அறையில் பிழை பார்ப்பார்கள். நடு அறை, ஜன்னலோரம், அவளுடையது. சேர்ந்த புதிதில் டிரேசிங் தாளும் மைப்பேனாவும், பிறகு மவுஸ். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மை கொட்டாது, சேலை தப்பித்தது, அவ்வளவுதான். நைல் நதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். மஞ்சள் ஆறு எங்கே நிமிர்ந்து எங்கே குனியும் என்று வீட்டுப் பூனையின் முதுகைப் போலத் தெரியும். ஆனால் அவள் நேரில் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிதான், அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்து, இரண்டு முறையும் நின்று போனது. அதற்குமேல் யாரும் முயற்சி செய்யவில்லை, அவளும் கேட்கவில்லை.

அண்ணன் வெல்டர். அவளைச் சீண்டாமல் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. "உலகத்தையே தாள்ல போடுற. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா திருதிருன்னு முழிக்கிற" என்பான். முப்பத்தாறு வயதில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மறு வருடமே, மனைவி வயிற்றில் நாலு மாதமாக இருக்கும்போது, குழாய் பதிக்கும் வேலைக்கு வெளிநாடு போனான். போன இடம் யூப்ரடீஸ் கரை. தங்கைக்கு எழுதிய முதல் கடிதத்தில் அதைத்தான் பெரிதாக எழுதியிருந்தான்.

"நீ வருஷா வருஷம் போட்டுத் தேய்ச்ச ரெண்டு ஆத்துல ஒண்ணு என் ரூம்கிட்டத்தான் ஓடுது. நெசமாவே ஓடுது, நீ போடுற மாதிரி நீலமா இல்ல, டீ நெறத்துல இருக்கு. எங்க கேம்ப்கிட்ட கொக்கி மாதிரி வளையுது. சாயங்காலம் வாசல்ல நின்னா சூரியன் ஆத்துக்குள்ள இறங்குறத பாக்கலாம். அடுத்த தடவ அந்த மேப்ப போடும்போது எனக்கும் ஒரு புள்ளி வை. பாபிலோன் பக்கத்துலயே வை, மரியாதையா இருக்கும்."

வைத்தாள். அலுவலகத்தில் இருந்த பெரிய அட்லஸில் ஆற்றை மேலிருந்து கீழே வரை லென்ஸ் வைத்துத் தேடி, கொக்கி போன்ற வளைவு ஒன்றைப் பிடித்தாள். சூரியன் ஆற்றில் இறங்குகிறது என்றால் ஆறு அவனுக்கு மேற்கே. ஆகவே அவன் கிழக்குக் கரை. கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி. அச்சடித்த புத்தகத்தை அனுப்பி அவனை ஒரு வாரம் சிரிக்க வைப்பதாகத்தான் திட்டம். புத்தகம் அச்சாகி வருவதற்குள் கடிதங்கள் நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். ஆள் அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. எழுதிய மனுக்களுக்கெல்லாம், அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்று ஒரே பதில். ஏழு வருடம் ஆனதும், இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று மனைவி கையெழுத்துப் போட்டால் ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அண்ணி கையெழுத்தும் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படிவம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் போயிற்று. அன்றிலிருந்து அவனைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. யார் விதித்த சட்டமும் அல்ல. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழி விட்டு ஒதுங்கியதில் நடுவே யாரும் நடக்காமல் போயிற்று. அண்ணி ரெடிமேட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைக்கும் காஜா வேலைக்குப் போனாள். வாடகை இவள், மளிகை அவள். வயதில் மூன்று சின்னவள் என்றாலும் அண்ணி அண்ணிதான். இருவரும் 'நீங்க' போட்டே பேசிக்கொள்வார்கள்.

புள்ளி மட்டும் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு முறையும் ஆற்றைப் புதிதாகப் போட்டு, ஊர்களை வைத்து, கடைசியில் அதை வைப்பாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பிள்ளைகள் பையில் அதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று நினைக்கும்போது, அவன் எங்கேயோ இருக்கிறான் என்பதற்கு அது ஒரு சாட்சி மாதிரி இருக்கும். தப்பு என்று அவளுக்குத் தெரியும். இல்லாத ஊரை மேப்பில் வைப்பது, அந்தத் தொழிலில், கல்லாவில் கை வைப்பதற்குச் சமம்.

அடுத்த வருடத்துப் பதிப்பு வண்ணத்தில் வருகிறது. பள்ளிகளுக்கு மாதிரிப் பிரதி முன்கூட்டியே போகவேண்டும் என்று ஒரே அவசரம். இன்று காலை கடைசி அறையிலிருந்து பிழை பார்ப்பவர் தாளும் கையுமாக வந்தார். எதையும் லென்ஸ் இல்லாமல் பார்க்காததால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"மேப்பக்கா, இது புள்ளியா, ஈ உட்கார்ந்த கறையா?"

அவள் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை.

"பட்டியல்ல பதினாலு ஊர் பேரு. மேப்புல பதினஞ்சு புள்ளி. பழைய பதிப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன், எல்லாத்துலயும் இருக்கு. பத்து வருஷமா ஒரு ஈ ஒரே எடத்துலயா உட்காரும்?" அவர் தன்னையே நொந்துகொண்டார். "நானும் பத்து வருஷமா கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க, பேரை மாத்திடுவாங்க."

"அது..."

"பேர் இருந்தா குடுங்க, சேத்துடலாம். இல்லன்னா எடுத்துடுங்க. அஞ்சு மணிக்கு அச்சகத்து வண்டி வருது."

பேர் இருந்தது. ஆனால் அது ஊரின் பேர் இல்லை. மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு பேரை எழுதிவிட்டால் ஆயிற்று, பூதக்கண்ணாடிகூட நம்பிவிடுவார். அடுத்த வருடம் ஒரு பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். பரீட்சையில் எழுதும். அதுவரை அவளால் போகமுடியவில்லை. நாலரைக்கு அம்புக்குறியைப் புள்ளியின்மேல் கொண்டுபோய் நிறுத்தி, அழித்தாள். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ கோடுகளை அழித்திருக்கிறாள். இது சத்தமே இல்லாமல் போயிற்று. ஐந்துக்கு வண்டி வந்தது, எடுத்துக்கொண்டு போனது.

"அம்மா," ரேடியோ சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அத்தை போட்ட மேப்புல ஈ உட்கார்ந்திடுச்சாம். விரட்டத் தெரியாம அப்படியே அச்சடிச்சிட்டாங்களாம்."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "உனக்கு வாய்ப்பூட்டு ஒண்ணு தச்சுக் குடுக்கணும்டி. எங்க, காட்டு" என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

மேப்பக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். அழித்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ.

"ஈ இல்ல. அது உங்கப்பா" என்றாள் பெண்ணைப் பார்த்து.

ரேடியோ நின்றுவிட்டது. மேப்பக்கா கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். டீ நிறத்து ஆற்றை, கொக்கி வளைவை, மரியாதையாக ஒரு புள்ளி கேட்டதை. சூரியன் ஆற்றில் இறங்குவதை வைத்துக் கரையைக் கண்டுபிடித்ததையும் சொன்னாள்.

அண்ணி புத்தகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து, அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"இந்த லெட்டர எனக்குக் காட்டவே இல்லையே நீங்க."

"உங்களுக்கு வந்ததையும் நான் பாத்ததில்லையே அண்ணி."

"கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனாள். பட்டன் போட்டு வைக்கும் டப்பாவோடு திரும்பி வந்தாள். அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்து, கட்டை விரலால் மேலேயும் உள்ளங்கையால் கீழேயும் மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வரியை மட்டும் நாத்தனாரிடம் நீட்டினாள். காலையில் கண்ணை விழித்தால் எதிரே ஆற்றிலிருந்து சூரியன் எழுந்து வருகிறது என்று எழுதியிருந்தான்.

"நீங்க வச்சிருக்கிற எடத்துலேருந்து பாத்தா ஆத்துல சூரியன் எழுந்திருக்காது" என்றாள் அண்ணி. "மறையத்தான் செய்யும். எடம் தப்பு."

"எனக்கு எழுதினதுல மறையுதுன்னுதான் இருக்கு."

"அப்ப ஒருத்தர்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. பொண்டாட்டிகிட்டயா, தங்கச்சிகிட்டயா?"

அண்ணி சிரித்தாள். அவனை வைத்து அவள் ஒரு கேலி பேசி மேப்பக்கா கேட்டதே இல்லை.

"ரெண்டு பேர்கிட்டயும் இல்ல" என்றாள் பெண். கம்பெனியிலிருந்து அண்ணியின் சேலையில் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் நூல்களில் ஒன்றை இழுத்து, தரையில் கொக்கி மாதிரி வளைத்து வைத்தாள். டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து வளைவுக்கு உள்ளே வைத்தாள். "உள்ள இருந்தா இந்தப் பக்கமும் தண்ணி, அந்தப் பக்கமும் தண்ணி. காலைல இது, சாயங்காலம் இது. அத்தை, நீங்க கொக்கிக்கு வெளிய வச்சிட்டீங்க."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மேப்பக்கா பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்திருக்க வேண்டும். பத்து வருடமாக அவனை வெளியே நிற்க வைத்திருக்கிறாள். இரண்டு கடிதங்களும் ஒரே ஒரு நாள் ஒரே விளக்கடியில் பிரிக்கப்பட்டிருந்தால் போதும், பட்டன் விழுந்த இடத்தில் அவன் விழுந்திருப்பான்.

அண்ணி புத்தகத்தைத் தரையில் வைத்து, படத்தில் வளைவுக்குள் விரல் நுனியைப் பதித்தாள்.

"இங்கதான்" என்றாள். விரலை எடுக்கவில்லை. பிறகு, இதுவரை எந்தப் படிவத்துக்கும் எந்தக் கேள்விக்கும் நிமிராத முகம் நிமிர்ந்தது.

"நாத்தனாரே, கலர்ல புதுசா புஸ்தகம் வரப்போகுதுன்னு சொன்னீங்கல்ல? அதுல இந்த எடத்துக்கு மாத்தி வச்சிடுவீங்கதானே?"

மேப்பக்கா கத்தரியை எடுத்தாள். பாதியில் விட்ட தாளில் அது எங்கே நின்றது என்று தேடினாள். பெண் அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அண்ணி காத்திருந்தாள். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் வந்தது. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து டப்பாவில் போட்டு மூடினாள். வெட்டி விழுந்த தாள் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். நூலையும் பட்டனையும் மட்டும் தொடாமல், அவற்றைச் சுற்றி வந்து, சமையலறைக்குள் போனாள்.