சிரிப்பு பதிவேட்டில் ஏறாது

டைப்பிஸ்ட் அக்கா சிரித்து அந்தக் கோர்ட்டில் யாரும் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் நன்றாகத்தான் சிரிப்பாள். லாரி மெக்கானிக்காக இருந்த புருஷன் ஒருநாள் காலையில் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் இவள் கோர்ட்டில் யாரோ அண்ணன் தம்பியின் சொத்துச் சண்டையை எழுதிக்கொண்டிருந்தாள். அழுகை இப்போது வரும், அப்போது வரும் என்று சொந்தக்காரர்கள் ஒரு வாரம் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். வரவில்லை. சரி, இவள் கல்நெஞ்சுக்காரி என்று அவரவர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

துக்கம் கேட்க வந்த பெரியப்பா ஒருவர் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, செத்தவர் மேலே ஏழு உலகம் தாண்டிப் போக வேண்டும், உலகத்துக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல்காரன் என்று விலாவாரியாகச் சொன்னார். நான்காவது வாசல்காரன் கொஞ்சம் கெடுபிடியாம். கூடமே தலையாட்டியது. இவளும் ஆட்டினாள். ஒருத்தர்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடவில்லை. நம்ம வீட்டுச் சங்கதி என்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

வேலைக்குத் திரும்பியபோது ஜட்ஜ் ஐயாவுக்கு ஒரே ஆச்சரியம். முன்பு பக்கத்துக்கு ரெண்டு பிழையாவது விடுவாள். இப்போது ஒன்றுகூட இல்லை. இருக்காதா பின்னே? காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடும். நடுவில் மனசு என்று ஒன்று கிடக்கிறதே, அங்கே எதுவும் நிற்பதில்லை. கொலை வழக்கும் குழாயடிச் சண்டையும் அவளுக்கு ஒன்றுதான். வீட்டில் கூட இருப்பவள் தங்கச்சி ஒருத்தி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வாய் மட்டும் நாலு குடும்பத்துக்குக் காணும். "அக்கா, அழ வேணாம், ஒரு தடவ சிரிச்சாவது தொலையேன். வீட்டுல ஒரு ஆள் இருக்கற மாதிரி இருக்கும்" என்பாள். இவள் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போவாள்.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு உதவும். சாட்சி பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு, மத்தியானம் அதை டைப் அடித்து, ஜட்ஜ் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். கேள்வி, பதில், அப்புறம் ஜட்ஜ் ஐயா தன் வாயால் "பதிவு பண்ணுங்க" என்று சொன்னது. இவ்வளவுதான் ஏறும். சிரிப்பு, இருமல், பெருமூச்சு, மூக்குச் சிந்தல் எதுவும் பதிவேட்டில் ஏறாது. ஆனால் ஆட்கள் சிரிக்கும்போது பேச்சுக் காதில் விழாதே, எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டாமா? அதற்காகத் தன் நோட்டில் மட்டும் ஒரு சின்னச் சுழி போட்டுக்கொள்வாள். டைப் அடிக்கும்போது அதைத் தாண்டிப் போய்விடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் இஸ்திரிக்காரம்மாவின் வழக்கு வந்தது. சலவைக் கடையில் நின்றுகொண்டே நாள் முழுக்கத் துணி தேய்க்கிற பெண். புருஷன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். இவள் ஒரு மதம், அவர் ஒரு மதம். பிடித்துத்தான் கட்டிக்கொண்டார்கள், பிடிக்காமல்தான் பிரிந்தார்கள். அதில் புதுசாக ஒன்றுமில்லை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அது அம்மாவோடு இருந்தது. "என் பொண்ண என்கிட்ட குடுங்க, அவ அதப் பைத்தியமாக்கிட்டிருக்கா" என்று மீட்டர்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

இஸ்திரிக்காரம்மாவின் ஆட்கள் அந்த ஊரில் முப்பது நாற்பது வீடுதான் இருப்பார்கள். மற்றவர்கள் அவர்களை 'டாட்டாக் கூட்டம்' என்பார்கள். சாயங்காலமானால் குடும்பத்தோடு மொட்டை மாடி ஏறி, மேற்கே பார்த்துக் கையை உயர்த்துவார்கள். கீழே தெருவில் போகிற பையன்களும் "டாட்டா மாமா, டாட்டா" என்று கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கோபப்படுவதில்லை. பழகிப்போயிற்று.

மீட்டர்காரருக்காக வந்தவர் கணீர் வக்கீல். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். அவர் விரலில் ஒரு நீலக்கல் மோதிரம். வானத்தில் எங்கோ கிடக்கிற ஒரு கிரகம் தன்மேல் கோபப்பட்டுவிடாமல் இருக்க ஏழெட்டு வருஷமாகப் போட்டிருக்கிறார். அந்த மோதிரக் கையை ஆட்டி ஆட்டித்தான் கேள்வி கேட்டார்.

"உங்க மதத்துல சூரியன் எத்தனைம்மா?"

"நெறைய இருக்குங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு."

"அப்ப நேத்து வந்தது இன்னிக்கு வராதா?"

"வராது. அது எரிஞ்சு முடிஞ்சிருச்சு. மேற்கால, பூமிக்குப் பின்னால விழுந்துடும். அங்கதான் எல்லாம் கெடக்குது."

"குவியலாவா?"

"ஆமாங்க."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. டைப்பிஸ்ட் அக்கா ஒரு சுழி போட்டாள்.

"குழந்தைய மாடிக்குக் கூட்டிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"வழியனுப்புவோம். நமக்காக ஒரு நாள் முழுக்க எரிஞ்சிருக்கு, ஒருத்தராவது நின்னு பாக்கணும். 'போயிட்டு வா'ன்னு சொல்லக் கூடாது. அது திரும்பி வராதுல்ல. 'போ, நாங்க பாத்தோம்'னு சொல்லணும்."

"யாருமே பாக்கலேன்னா?"

"அந்த நாளு அனாதையாப் போயிடும்."

"மேகம் மூடியிருந்தா?"

"மேகத்தப் பாத்துச் சொல்லுவோம்."

"பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு அது வேற சூரியனா, இதேதானா?"

"அத அவங்களத்தாங்க கேக்கணும்."

சுழி, சுழி, சுழி. இஸ்திரிக்காரம்மா கிண்டலாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள், அவ்வளவுதான். அவளுக்காக வாதாட வேண்டியவர் வாய்தா வக்கீல். வாய்தா கேட்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் எழுந்ததில்லை. அன்றைக்கும் எழவில்லை.

கணீர் வக்கீல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, இத்தன சூரியன் குவிஞ்சு கெடக்குதே, பழைய இரும்புக் கடைக்காரன வரச்சொல்லி எடைக்குப் போட்டுடலாமே?"

கோர்ட்டே குலுங்கியது. வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். டைப்பிஸ்ட் அக்காவுக்குத் தராசுத் தட்டில் ஒரு சூரியன் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ, பொசுக்கென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது, பென்சில் வழுக்கிச் சுழி கோணலாக இழுத்துக்கொண்டு போயிற்று.

முன் பெஞ்சில் தன் அத்தை பக்கத்தில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பதற்காக ஜட்ஜ் ஐயா வரச் சொல்லியிருந்தார். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கணீர் வக்கீல் விடுவாரா? "ஐயா கவனிக்கணும், பெத்த பொண்ணே சிரிக்குது. இது பதிவாகணும்."

"பதிவு பண்ணுங்க" என்றார் ஜட்ஜ் ஐயா, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. குழந்தையிடம் கேட்க வேண்டியதை அதோடு எல்லாரும் மறந்துபோனார்கள்.

அன்றைக்கு வீட்டில் டைப்பிஸ்ட் அக்கா தானாகவே இதைச் சொன்னாள். தங்கச்சி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அக்கா, நீ சிரிச்சியா? நெஜமாவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

நாலு நாள் கழித்து இஸ்திரிக்காரம்மா வாக்குமூலத்தின் நகல் வாங்க வந்தாள். நகல் கொடுக்கும் ஜன்னலும் டைப்பிஸ்ட் அக்காவின் பொறுப்புதான். வந்தவள் ஜன்னலருகே நின்றபடியே, விரல் வைத்து, உதடு அசைய, கடைசிப் பக்கம்வரை படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அம்மா, இதுல எம் பொண்ணு மட்டும்தான் சிரிச்சிருக்கா."

"என்ன?"

"வேற யாருமே சிரிக்கல. வக்கீலு கேக்கறாரு, நான் சொல்றேன், எல்லாரும் அமைதியா இருக்காங்க. கடைசில எம் பொண்ணு மட்டும் என்னப் பாத்துச் சிரிக்கறா. இதப் படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"சிரிப்பெல்லாம் எழுதறதில்லம்மா. சட்டம் அப்படி."

"எம் பொண்ணோடத எழுதியிருக்கீங்களே."

 இஸ்திரிக்காரம்மா சண்டை போட்டிருந்தால் டைப்பிஸ்ட் அக்காவும் பதிலுக்குச் சட்டம் பேசியிருக்கலாம். ஆனால் அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தீர்ப்பு அடுத்த திங்கள்கிழமை. கணீர் வக்கீல் தன் எழுத்து வாதத்தில் அந்த ஒரு வரிக்குக் கீழே ரெண்டு கோடு இழுத்திருந்தார். தாயின் நம்பிக்கையைக் குழந்தையே ஏளனம் செய்கிறது, எனவே தாயோடு ஒட்டுதல் இல்லை என்று. அது அப்படியே நின்றால் குழந்தை அம்மாவிடம் இருக்காது. இத்தனை வருஷ அனுபவத்தில் டைப்பிஸ்ட் அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நோட்டை எடுத்துச் சுழிகளை எண்ணினாள். பதினொன்று. பக்கங்களைத் திரும்ப டைப் அடித்தாள். "சபையில் சிரிப்பு." "சபையில் சிரிப்பு." பதினொன்றாவது இடத்தில் கொஞ்ச நேரம் கை நின்றது. அப்புறம் அடித்தாள்: "நீதிபதி சிரிக்கிறார். டவாலி சிரிக்கிறார். தட்டச்சர் சிரிக்கிறார். குழந்தை சிரிக்கிறது."

அறையில் ஜட்ஜ் ஐயா பல் குத்திக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய பக்கங்களைப் படித்ததும் குச்சி நின்றது.

"என்ன இது?"

"அன்னிக்கு நடந்ததுங்க ஐயா."

"நான் சிரிச்சத யாரு பதியச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? எடுங்க இதையெல்லாம். மேல் கோர்ட்டுல எவனாவது பாத்தா என் மானம் போகும்."

"எடுத்துடறேங்க ஐயா. எல்லார் சிரிப்பையும் எடுக்கணும்னா குழந்தையோடதயும் எடுத்துடறேன்."

அவளுக்குப் பயமாக இல்லை. பயப்படுகிற இடமும் மரத்துப்போயிருந்தது. அது அன்றைக்கு வசதியாகப் போயிற்று. ஜட்ஜ் ஐயா அவளை நிமிர்ந்து பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்துப் பதினொரு இடத்திலும் கோடு போட்டார். குழந்தையின் வரியிலும் போட்டு, ஓரத்தில் கையெழுத்து வைத்தார். "போங்க, போய்ச் சாப்பிடுங்க."

திங்கள்கிழமை தீர்ப்பு வந்தது. குழந்தை தாயிடமே இருக்க வேண்டும். தகப்பன் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மாடியில் நின்று கையை உயர்த்துவதால் குழந்தைக்குக் கேடு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. கணீர் வக்கீல் கோட்டை உதறிக்கொண்டு வெளியே போனார். வாய்தா வக்கீல்தான் பாவம், தான் ஜெயித்ததை நம்ப முடியாமல் பக்கத்து ஆளிடம் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் தீர்ப்பு நகலுக்கு இஸ்திரிக்காரம்மா வந்தாள். டைப்பிஸ்ட் அக்காவே அவளை முன்னால் கூப்பிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள். ரெண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவரிடம் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது.

"பொண்ணு சந்தோஷமா இருக்காளா? சாயங்காலம் மாடிக்கு வர்றாளா?"

"இல்லம்மா. அன்னிலேர்ந்து வர்றதில்ல. நான் மட்டுந்தான் போறேன். கூப்பிட்டா 'போம்மா, வெக்கமா இருக்கு'ங்கறா."

"சின்னப் பிள்ளதானே. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு அதுவும் சிரிச்சிருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்." அவள் நகலைக் கவனமாக மடித்தாள். "கேட்டுப் பாத்தேன். வக்கீலு சிரிச்சப்ப அவ சிரிக்கலையாம். ஜட்ஜ் ஐயா சிரிச்சப்பவும் சிரிக்கலையாம், வாயக் கடிச்சிட்டு உக்காந்திருந்தாளாம். 'அந்த எழுதற ஆன்ட்டி காலைலேர்ந்து சிரிக்கவே இல்லம்மா. யாரு சிரிச்சாலும் சிரிக்கல. அவங்களே சிரிச்சுட்டாங்கன்னா நாம செய்யறது நெஜமாவே வேடிக்கதானே'ங்கறா. என்ன பதிலு சொல்றதுன்னு தெரியலம்மா எனக்கு."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள்.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிச்சுக்கம்மா என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதைச் சொல்ல வேண்டியது இவளிடமா, அந்தக் குழந்தையிடமா என்று தெரியவில்லை. விரலால் கோட்டைக் காட்டினாள். இஸ்திரிக்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள்.